தறிச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டிய மேசையில் தங்கையின் லேப்டாப் இருக்கிறது. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2 ஜி.பி. ரேம், நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அவள் கல்யாணமாகி ஆத்தூர் போய்விட்டாள். இப்போது அதில் அப்பா பாவுக் கணக்கும் சனிக்கிழமை கூலிக் கணக்கும் எழுதுகிறார்.

"ஏங் கண்ணு, கணக்கத் தொறக்கறதுக்குள்ள டீக்கடைக்குப் போயிட்டு வந்தர்லாமாட்ட இருக்குது" என்றார் போன மாதம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பிரவுசர் ஒரு பக்கம் ஓட, கணக்குக் கோப்பு திறக்க 48 நொடி ஆனது. புது டிஸ்க் வாங்காமல் லினக்ஸிலேயே இதை எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தங்கைக்கு இந்த லேப்டாப் கிடைத்தது, 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில். அரசு நிறுவனமான எல்காட் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. தொடக்க வருடங்களில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் பெரும்பாலானோர் பாஸ் பக்கம் போனதேயில்லை. இந்தப் பெட்டியில் இப்போது இருப்பது டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு.

டிஸ்க் எங்கே நேரத்தை விடுகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர இன்னும் 12 மில்லிநொடி போல. ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கும்போது நொடிக்கு 60 முறைகூடத் தேறாது. துண்டு 4 கே.பி. என்றால் நொடிக்குக் கால் எம்.பி.கூட வராது. அதே டிஸ்க்கைத் தொடர்ச்சியாகப் படிக்கவிட்டு எச்டிபார்ம் என்ற கருவி கொண்டு அளந்தால் நொடிக்கு 78 எம்.பி. காட்டுகிறது. முந்நூறு மடங்கு வித்தியாசம். தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறி ஓடும் வேகம் எவ்வளவு இருந்தாலும், நூல் அறுந்து அறுந்து நின்றால் சாயங்காலம் பீஸ் இறங்காது.

அதனால் டிஸ்க்கை வேகப்படுத்துவது என்றால் தலை அலைவதைக் குறைப்பது என்றுதான் அர்த்தம். இந்தப் பெட்டியில் தலையை அதிகம் அலைக்கழித்தது ஸ்வாப். 2 ஜி.பி. நிறைந்ததும் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுக்கும். எல்லாமே சின்னச் சின்னச் சிதறல்கள். இதற்கு மருந்து இசட்ரேம். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி, ஸ்வாப்பாகப் பயன்படுத்தும். 1 ஜி.பி. அளவுக்கு அமைத்தேன், டிஸ்க் ஸ்வாப்பைக் கடைசிப் புகலாக வைத்தேன். 48 நொடி 21 ஆனது. ஸ்வாப்பினஸ் அளவை 60-லிருந்து 10-க்குக் குறைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அது டிஸ்க் ஸ்வாப்புக்குப் பொருந்தும். இசட்ரேம் இருந்தால் நேர்மாறாக 100-க்கு ஏற்றுங்கள்.

அடுத்துப் பலன் தந்தது ஷெட்யூலர். பல வேலைகள் ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானிப்பது இது. டெபியன் இயல்பாக வைத்திருந்தது எம்க்யூ-டெட்லைன். 2017-ல் கெர்னல் 4.12-ல் சேர்ந்த பிஎஃப்க்யூ, இப்படிச் சுற்றும் டிஸ்க்குகளுக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. பென் டிரைவிலிருந்து 4 ஜி.பி. கல்யாண வீடியோவை நகல் எடுத்துக்கொண்டே கணக்கைத் திறந்தேன். முன்பு ஒரு நிமிடத்துக்கும் மேல் உறைந்து நின்றது, பிஎஃப்க்யூவில் 26 நொடியில் வந்துவிட்டது. நகல் எடுப்பது கொஞ்சம் தாமதமாகிறது. அது தாமதமானால் பரவாயில்லை.

கோப்பைப் படித்த நேரத்தைக் குறித்துவைக்காமல் விடும் நோஏடைம் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. 2009 முதலே கெர்னல் ரிலேடைமை இயல்பாக்கிவிட்டதால் அந்தப் பழைய குறிப்புக்கு இன்று பெரிய பலன் இல்லை. ரீட்அஹெட்டை 128 கே.பி.யிலிருந்து 512 ஆக்கியதும் அப்படித்தான். ஈஎக்ஸ்டி4-ன் கமிட் இடைவெளியை 5 நொடியிலிருந்து 60 ஆக்கினால் எழுதுவது குறையும், ஆனால் அதை நான் வேண்டுமென்றே தொடவில்லை. பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை, எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதுமில்லை. கடைசி ஒரு நிமிடத்தில் எழுதியது காணாமல் போனால் அது யாரோ ஒருவருடைய கூலி.

இனி, இந்தப் பெட்டியில் நான் கேட்ட சத்தம். இரவு தறி நின்ற பிறகு காதைக் கீபோர்டில் வைத்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டது. டிஸ்க் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தலையைத் தூக்கி ஓரத்தில் நிறுத்துகிற சத்தம். அடுத்த சில நொடியில் லினக்ஸ் ஏதாவது எழுத வரும், தலை மறுபடி இறங்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 193-ஆம் எண் இதைத்தான் எண்ணுகிறது. பார்த்தபோது 2,87,412. ஒரு மணி நேரம் கழித்து 2,87,506. லேப்டாப் டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 3 லட்சம் அல்லது 6 லட்சம் முறை. எச்டிபார்மில் பெரிய 'பி' விருப்பத்துக்கு 254 கொடுத்தேன். டிக் நின்றது. மறுபடி ஆன் செய்தாலும் நிலைக்க எச்டிபார்மின் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தேன். வெப்பம் 45-லிருந்து 47 டிகிரிக்கு ஏறியது. இத்தகைய டிஸ்க்குகள் பொதுவாக 60 வரை தாங்கும். ஆனாலும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயிலில் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பைத் தூக்கி நடக்காதீர்கள். தலை இப்போது தட்டின் மேலேயே இருக்கிறது.

எச்டிபார்மில் இரவில் 78 எம்.பி. காட்டிய வேகம், பகலில் தறி ஓடும்போது 61-க்கும் 50-க்கும் இடையே அலைந்தது. முதலில் வேறு ஏதோ வேலை ஓடுகிறது என்று நினைத்துத் தேடினேன், ஒன்றும் இல்லை. மேசைமேல் உள்ளங்கையை வைத்தபோதுதான் புரிந்தது. நாடா அடிக்கும் ஒவ்வொரு அடியும் சுவர் வழியாக மேசைக்கு வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான தடங்கள் அடங்கிய தட்டு அது. தலை இம்மியளவு விலகினாலும் படித்தது பிழையாகும், மறுபடி ஒரு முழுச் சுற்று, 11 மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கைப் பார்த்துக் கத்தி, தாமதம் ஏறுவதை வரைபடத்தில் காட்டிய வீடியோ பெயர்போனது. அங்கே ஒரு மனிதக் குரல். இங்கே பகல் முழுக்கத் தறி.

மேசையை உள்சுவருக்கு மாற்றினேன். பழைய சைக்கிள் டியூபை நான்கு துண்டாக வெட்டி, மடித்து, லேப்டாப்பின் நான்கு மூலையிலும் வைத்தேன். மெத்தை, தலையணை வேண்டாம், காற்று போகும் வழி அடைபடும். பகலிலும் இப்போது 74-க்குக் கீழே இறங்கவில்லை. எந்தக் கட்டளையும் இதைத் தந்திருக்காது.

மலிவான எஸ்எஸ்டி ஒன்று போட்டால் இதில் பாதி வேலை தேவையே இல்லை. அதில் நகரும் தலை இல்லை, அதிர்வும் ஒன்றும் செய்யாது. பணம் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். இல்லாதவர்கள் இசட்ரேம், பிஎஃப்க்யூ, 254, டியூப் துண்டு இந்த நான்கையும் செய்துபாருங்கள், செலவே இல்லை. அதற்கு முன் ஸ்மார்ட் பட்டியலில், கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களை எண்ணும் 5, படிக்க முடியாமல் நிற்கும் இடங்களை எண்ணும் 197 ஆகிய எண்களைப் பாருங்கள். 197-ல் பூஜ்ஜியம் இல்லையென்றால் எதையும் தொடாமல், முதலில் கணக்கைப் பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.

எங்களுடையதில் இரண்டும் பூஜ்ஜியம். 193-ஐ இன்று காலை மறுபடி பார்த்தேன். ஒன்பது நாளில் 9 கூடியிருக்கிறது, அப்பா தினமும் ராத்திரி ஆஃப் செய்கிற ஒரு முறைக்கு ஒன்று.