பத்தாவது சங்கிலி

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இப்னு பதூதாவைத் தொடாமல் போவது அரிது. 1344இல் புத்தளத்தில் கரையேறினார், ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார், பாவாதமலைக்குப் போனார் என்று சொல்லி, நமது தொன்மைக்கு ஒரு சான்று என முத்திரை குத்திவிட்டு நூலை மூடிவிடுகிறோம். சான்று சரிதான். ஆனால் அது இலக்கியமும்தானே? மலை ஏறிய மனிதரின் உடம்பு அந்தப் பக்கங்களில் எங்கே கிடக்குது என்று நாம் கேட்பதில்லை.

மலைக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஆதம் (அலை) அவர்களின் பெயரால் பாபா வழி. ஹவ்வா (அலை) அவர்களின் பெயரால் மாமா வழி. பின்னது இலகுவானது. ஆனால் அதனால் ஏறுபவர் ஸியாரத் செய்தவராகவே கணிக்கப்படுவதில்லையாம். ஆகவே கஷ்டம் என்பது அங்கே தற்செயலானதல்ல, ஸியாரத்தின் ஒரு பகுதி. அவர் பாபா வழியால் ஏறி, மாமா வழியால் இறங்குகிறார்.

பாறையில் இரும்பு முளைகள் அடித்துத் தொங்கவிட்ட பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அதை எட்டியவர் கீழே பார்த்தால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாச் சொல்லிவிடுவாராம். தனக்குக் கால் நடுங்கியது என்று அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. நடுக்கம் முழுவதையும் அந்தப் பெயரே சுமக்கிறது. பயத்தை வர்ணிக்கப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அட்டையைப் பற்றி எழுதும்போதும் இதே சிக்கனம்தான். புல்லிலும் மரத்திலும் இருந்து பாய்கிறது, இரத்தம் வழிகிறது, எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் விழுகிறது. மழைக்காட்டில் நடந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் குறையும் உண்டு. ஹிழ்ர் (அலை) குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதச்சுவட்டைத் தரிசித்ததாகச் சொல்கிறார். குகையிலிருந்து சுவடு இரண்டு மைல் என்பதும் அவர் கணக்கே. கூட்டிப் பார்த்தால் இருபத்து நான்கு மைல் ஏற்ற இறக்கம்! அந்த முழங்கால் வலி ஒரு வசனத்துக்குள் காணாமற் போகிறது.

அதைவிடப் பெரிய மௌனம் இன்னொன்று. மன்னர் பல்லக்கும் கொடுத்து, உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினார். பல்லக்கு எதுவரை போனது, சுமந்தவர்கள் எப்படி ஏறினார்கள் என்பது தெளிவாகவில்லை. அவர்கள் வெறும் எண்ணிக்கைதான். 2,243 மீற்றர் உயர மலையின் உண்மையான பாரத்தைச் சுமந்த தோள்கள் அவர்களுடையவை. நூலை வரலாற்றுச் சான்றாக மட்டும் படிப்பவருக்கு இந்த இடைவெளி தென்படாது. இலக்கியமாகப் படிப்பவருக்குத் தென்படும்.

வகுப்பறையில் இப்பகுதியைக் கொடுக்கும் ஆசிரியர்கள், ஆண்டையும் மன்னர் பெயரையும் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். பத்தாவது சங்கிலிக்கு ஏன் அந்தப் பெயர், சுமைகாரருக்கு ஏன் பெயரே இல்லை என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.