சாய்ந்து நிற்கும் சம்சு

சில மலேசியத் தமிழ் நாவல்களில் ஓர் அச்சுப் பழக்கம் உறுத்துகிறது. தவுக்கே, சம்சு, பாராங் என்று வந்தால் போதும், எழுத்தைச் சாய்த்துவிடுகிறார்கள். லூனாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பாத்திரத்தின் வாயில் இவை எப்போது அந்நியச் சொற்களாயின? அந்தச் சாய்வு சென்னை வாசகரிடம், ‘இது எங்க தமிழ் இல்லீங்க’ என்று முன்கூட்டியே கைகட்டி நிற்கிறது.

இத்தாலிக் எழுத்து இதற்காகப் பிறந்ததே இல்லை. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் வர்ஜிலின் கவிதைகளை முழுக்க அதிலேயே அச்சிட்டார், கைக்கடக்கமான நூலாக. அறிஞர்களின் கையெழுத்தைப் பின்பற்றி பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய தனி வடிவம் அது. தமிழில் நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் நேர் எழுத்தைக் கணினி பிடித்துத் தள்ளியது. ‘ட’வும் ‘ப’வும் காற்றடித்த வேலிக்கம்பு மாதிரி நிற்கும். நம்ம முத்து நெடுமாறனின் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவில் சாதாரணமும் தடிப்பும்தான், சாய்வு கிடையாது. அழுத்திச் சொல்லத் தமிழில் ‘தான்’ இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது.

விளங்காதவர் ரெண்டு பக்கம் தள்ளிப் படிக்கட்டுமே. தண்டல் யார், தவுக்கே யார் என்று கதையே சொல்லிவிடும்.