கருமை இழிவன்று

பேனாவும் மையும் கொண்டு வரையும் கோட்டோவியத்தில் வெண்மை தாளுக்குச் சொந்தம். கருமை ஒன்றே ஓவியன் தருவது. மையில் நீர் கலந்து வெளிறச் செய்யும் வழி வேறு. கோடு ஒன்றையே நம்புகிறவன் அதன் நெருக்கத்தால் நிழல் காட்டுகிறான். இணைகோடுகள் விலகி நின்றால் இளநிழல், நெருங்கினால் அடர்நிழல், அவற்றின்மேல் குறுக்குக் கோடுகள் விழுந்தால் இருள். புள்ளிகளாலும் இதைச் செய்யலாம். கன்னம் வளையுமிடத்தில் கோடும் வளைந்தால்தான் கன்னம் திரண்டு தோன்றும். இல்லையேல் முகம் பலகையாகிவிடும். ஆக, நிழலின் பணி உருவத்தின் திரட்சியைக் காட்டுவதே.

இதைக் கற்க நாஞ்சில் நாட்டு இளைஞர்க்குத் தொலைவு போகவேண்டியதில்லை. கணபதி தபதி வடித்து, 2000 சனவரி 1-இல் கலைஞர் திறந்துவைத்த வள்ளுவர் சிலை, பீடத்தோடு 133 அடி உயர்ந்து குமரிக் கடலில் நிற்கிறது. காலையில் ஒளிர்ந்த அதன் கீழ்ப்பக்கம் மாலையில் நிழலுறுகிறது. கல்லா மாறியது? கதிரவன் நின்ற திசையன்றோ மாறியது! நிழல் கல்லின் குணமன்று, ஒளியின் கணக்கு.

இந்த எளிய உண்மையைக் கதைகளுக்குப் படம் வரைந்தோர் பலர் மறந்தனர். பண்ணையார் மகளின் முகத்தை வெறுந்தாளாக விட்டனர். களையெடுக்கும் பெண்ணின் முகத்திலோ கோடுகளைக் கொட்டி நிரப்பினர். ஒரே வெயிலில் நிற்கும் இருவரில் ஒருத்திக்கு மட்டும் நிழல் ஏன்? அது ஒளி இட்ட நிழலன்று. சாதி இட்ட நிழல்!

தோல் நிறத்தைக் காட்டவே அப்படி வரைந்தோம் என்பர். காட்டட்டும். ஆனால் கருத்த முகத்திலும் வெயில் விழும், நெற்றி மின்னும், மூக்கு நிமிரும். அவற்றையெல்லாம் மையில் மூழ்கடிப்பது நிறம் காட்டுவதாகாது. ஆளை மறைப்பதாகும் என்போம்.

மாற்றுவழி காட்டியவர் ஓவியர் ஆதிமூலம் (1938–2008). 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி படங்களையும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த படங்களையும் எடுத்துப் பாருங்கள். கோடு அடர அடர அங்கே மனிதன் சிறுக்கவில்லை, உரம் பெறுகிறான். வெயிலில் உழைத்த உடம்பின் எலும்பும் நரம்பும் அந்தக் கருமையில்தான் பேசுகின்றன.

பேனா பிடிக்கும் இளைஞரே, கோடிடுமுன் ஒன்று கேளுங்கள்: ஒளி எங்கிருந்து வருகிறது? அதற்கு விடை கண்டபின் எல்லார் முகத்துக்கும் ஒரே நீதி வழங்குங்கள். அதுவே கலை, அதுவே நேர்மை.