ஓட்டோவின் பின் கண்ணாடி: ஒட்டுவதா, மாற்றுவதா, மூடுவதா?

கூரையை மடக்கித் திறக்கும் கார் கல்முனையில் அபூர்வம். துணிக் கூரை போட்ட வாகனமோ தெருவுக்குத் தெரு நிற்கிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியில் ஓடும் ஓட்டோக்களில் பெரும்பாலானவற்றுக்கு ரெக்சின் ஹூட்தான். அதன் முதுகில் தைத்திருக்கும் தெளிந்த பிளாஸ்டிக்கைத்தான் பின் கண்ணாடி என்கிறோம். அது மங்கி, மஞ்சளித்து, ஓரத்தில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் ஓட்டுநர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர் டேப் ஒட்டுகிறார், இன்னொருவர் ரெக்சினால் அடைத்துவிடுகிறார், கையில் காசுள்ளவர் ஹூட்டையே மாற்றிவிடுகிறார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மறுபடி திறக்கும் வரை, இருக்கிற ஓட்டோவைக் காப்பாற்றுவதே பிழைப்பாக இருந்தது. அந்தக் காலத்து ஒட்டுவேலைகளை இன்றும் வீதியில் பார்க்கலாம்.

எந்த வைத்தியம் சரி என்று சொல்லுமுன் நோயைப் பார்ப்போம். இந்தப் பிளாஸ்டிக் பி.வி.சி. அது இயல்பில் விறைப்பானது. மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருளை நிறையச் சேர்த்துத்தான் வளையச் செய்கிறார்கள். வெயிலில் அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசியும். முதலில் பிசுபிசுப்பு, அதில் ஒட்டும் தூசி, பிறகு விறைப்பு, கடைசியில் வெடிப்பு. மஞ்சள் நிறம் புற ஊதாக் கதிரின் வேலை. நமது கரையில் இதற்கு மேல் இரண்டு தொல்லைகள்: கடல் உப்பும் பொடி மணலும். கச்சான் அடிக்கும் மாதங்களில் புழுதி படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைக்கிற ஒவ்வொரு முறையும் மணலால் அதைத் தேய்க்கிறோம். பகலில் அந்தக் கீறல்கள் கண்ணில் படா. இரவில் பின்னால் லொறி லைட் அடித்ததும் அத்தனை கீறலும் ஒளியைச் சிதறடித்து, கண்ணாடி முழுவதும் வெள்ளைத் திரையாகிவிடும்.

கசிந்துபோன பொருளை எந்தப் பொலிஷும் திரும்ப உள்ளே ஏற்றாது. பற்பசை போட்டுத் தேய்ப்பது மேலோட்டமான கீறலைச் சற்று மழுப்பும், அவ்வளவுதான். பெற்றோலிலும் தின்னரிலும் துடைப்பது அதைவிடக் கேடு: அழுக்கோடு மென்மைப் பொருளும் கரைந்து வெளியேறும். அன்று பளபளக்கும் கண்ணாடி சீக்கிரமே விறைத்துவிடும்.

டேப்புக்கு ஓர் இடம் உண்டு, அதை மறுக்கவில்லை. வாடை மழை நடுவில் கிழிந்தால் கிழிசலின் நுனியில் சிறு வட்டத் துளை போட்டு, இரு பக்கமும் துடைத்துக் காயவைத்து ஒட்டலாம். வட்டத் துளை இழுவையைப் பரப்புவதால் கிழிசல் மேலே ஓடாது. ஆனால் பசை வெயிலில் இளகி, ஓரமெல்லாம் கறுப்புக் கோடாகும். குஷன் கடைக்குப் போகும் வரை தாங்கினால் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டிய வேலை அது. சுப்பர் குளூ அதற்கும் உதவாது. காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்து, வளையும் இடத்தில் உடைந்துவிடும்.

அடைத்துவிடுவதற்குச் சொல்லும் நியாயம் இவற்றைவிடக் கனமானது. "பின்னால ஆரு காக்கா பாக்குற? சைட் கண்ணாடி இரிக்கிதானே" என்பார்கள். உண்மைதான். மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் நடுக் கண்ணாடியில் தலைகள்தான் தெரியும். குடும்பத்துப் பெண்கள் ஏறும் வண்டியில் மறைவு வேண்டும் என்பதும் நம் ஊரில் நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் சாய்ந்தமருதின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வெறும் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது நேர் பின்புறத்தைக் காட்டுவது அந்தப் பின் கண்ணாடி ஒன்றுதான். ஒட்டி நிற்கும் சிறு பிள்ளையை அதுவும் காட்டாது. சைக்கிளில் வருபவரைக் காட்டும். மறைவு தேவையென்றால் உள்பக்கம் சின்னத் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, வேண்டியபோது ஒதுக்கலாம். தைத்து மூடிய ரெக்சினை ஒதுக்க முடியாது. கண்ணாடி முழுக்கப் பெயரும் வாசகமும் ஒட்டி வைப்பதும் அடைப்பதற்குச் சமம்தான்.

விறைப்பான தகட்டைப் பதிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அக்ரிலிக் தெளிவாக இருக்கும், உடைந்தால் கூராக உடையும். பயணியின் பிடரிக்குப் பின்னால் அதை வைக்க நான் சம்மதியேன். பொலிகார்பனேட் உடையாது, ஆனால் மேற்பூச்சு இல்லாவிட்டால் லேசில் கீறும், மஞ்சளிக்கும். இரண்டுக்கும் பொதுவான குறை வேறு: வண்டி குலுங்க ஹூட் நெளியும், தகடு நெளியாது. அந்த இழுபறியைத் தாங்குவது சுற்றியுள்ள ரெக்சின்தான், கிழிவதும் அதுதான். கார் உலகம் பிளாஸ்டிக்கைக் கைவிட்டு நிஜக் கண்ணாடிக்குப் போனது என்பது மெய். மஸ்டா எம்.எக்ஸ்-5 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையிலேயே மாறியது, போர்ஷே பொக்ஸ்டர் 2003 மாடலில் மாறியது. அந்தக் கூரைகள் கண்ணாடிக்கென்றே வடிவமைத்தவை. அப்படியிருந்தும் கண்ணாடிக்கும் துணிக்கும் இடையிலான பசை விட்டுப்போவது அவ்வகைக் கார்களில் பழகிப்போன முறைப்பாடு. நமக்குப் பாடம் பி.எம்.டபிள்யூ இசட்3இல் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் ஜன்னலை ஸிப்பைத் திறந்து தனியே கழற்றி மாற்றலாம். கூரைத் துணிக்கு முன்பே ஜன்னல் சாகும் என்பதை ஒப்புக்கொண்ட அமைப்பு அது.

ஆகவே என் தீர்ப்பு: ரெக்சின் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகத் தைக்க வேண்டும். இதை அரைகுறை வேலை என்று இளக்காரமாகப் பார்ப்பவர்கள் ஹூட் முழுவதற்கும் கூலி கொடுத்துவிட்டு, சில வருடங்களில் அதே கண்ணாடிப் பிரச்சினையில் வந்து நிற்பார்கள். மேசை விரிப்புக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டரை நெருங்கும் தடிப்பில், வெயில் தாங்கும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கும், பொலியெஸ்டர் நூல் தேவை. தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைப்பது தவறு. ஊசித் துளைகள் நெருங்கினால் முத்திரைத் தாள்போல் அந்தக் கோட்டிலேயே கிழியும். மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். மேல் ஓரத்தில் ரெக்சின் கண்ணாடியின் மேலே வர வேண்டும், இல்லையேல் வடியும் மழைநீர் தையலுக்குள் இறங்கும். பிளாஸ்டிக்கை வெட்டுமுன் சற்று நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் சுருள் நெளிவு போகும். காலைக் குளிரில் தைத்தது மத்தியானத்தில் தொய்யும்.

ரெக்சினின் நிலையை அறியத் தையலுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் மடித்துப் பார்த்தால் போதும். மடிப்பில் மேற்பூச்சு வெடித்து அடித்துணி வெளுப்பாகத் தெரிந்தால், அல்லது பழைய ஊசித் துளைகள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால், புதுத் தையலுக்கு அங்கே பிடிமானம் இல்லை. அப்போது ஹூட்டை முழுதாக மாற்றுபவர் செய்வதுதான் சரி. கழற்றும்போதே கம்பிச் சட்டத்தில் உப்பு அரித்த இடங்களைச் சுரண்டி பெயின்ற் அடித்துவிட வேண்டும், ஏனென்றால் புது ஹூட்டை உள்ளிருந்து அறுப்பது அந்தத் துருதான்.