கடைசி நான்கு சுற்று

இத்தாலியச் சைக்கிள் வீரர் ஃபிலிப்போ கன்னாவின் ஓட்டங்களில் எது தலையாயது என்று பேச்சு வந்தால், பலரும் நேராக கிரென்ஷனுக்குப் போய்விடுகிறார்கள். 2022 அக்டோபர் 8, ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர். கிறிஸ் போர்ட்மன் 1996இல் கையை முன்னே நீட்டிக் கிடந்தபடி ஓட்டி எட்டிய 56.375ஐயும் தாண்டிய தூரம். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் எனக்குக் கன்னா என்றால் இஸு வெலோட்ரோம். 2021 ஆகஸ்ட் 4, ஒலிம்பிக் டீம் பர்சூட் (நால்வர் அணித் துரத்தல்) இறுதி, அதிலும் கடைசி நான்கு சுற்று.

பதினாறு சுற்றில் பன்னிரண்டு முடிந்தபோது டென்மார்க் தெளிவாக முன்னால் இருந்தது. இத்தாலி அணியின் நால்வரில் லமோன் தன் பங்கைக் கொடுத்து விலகிவிட்டார். கன்னாவின் பின்னால் கொன்சோனியும் மிலானும். கடிகாரத்தை நிறுத்துவது மூன்றாம் ஆளின் முன்சக்கரம் என்பதால், முன்னால் இருப்பவர் வெறியோடு பாய்ந்தால் ஆபத்து. பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே தங்கம் போய்விடும். அங்கேதான் கன்னாவின் மேதைமை. வேகத்தை ஒரே உதையில் ஏற்றாமல், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இழை இழையாகக் கூட்டினார். ஆறடி நான்கு அங்குல உடம்பு. தலையில் நிறைகுடம் வைத்து நடப்பவரைப் போல இடுப்புக்கு மேல் ஓர் அசைவில்லை. முடிவில் 3 நிமிடம் 42.032 வினாடி, உலக சாதனை. டென்மார்க்கை வென்றது 0.166 வினாடியில்.

மிலானின் ரசிகர்கள் இங்கே மறுப்பார்கள். தனிநபர் பர்சூட்டில் கன்னாவின் 3 நிமிடம் 59.636 வினாடியை விஞ்சி 2024இல் பாலரூப்பில் 3 நிமிடம் 59.153 வினாடியில் ஓட்டியவர் ஜொனாதன் மிலான்தானே என்று. அந்த முரட்டு வலிமைக்கு ஓர் அழகு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மனம் போவது பின்தங்கி இருக்கும்போதும் தன் கணக்கை மாற்றாத ஓட்டத்தின் பக்கம். 2023 கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பின் தனிநபர் பர்சூட் இறுதியைப் பாருங்கள். எதிரே நின்றவர் டேன் பிக்ஹாம்: கன்னாவின் சாலைப் பந்தய அணியில் அப்போது பொறியாளர், ஒரு மணி நேரச் சாதனையைக் கன்னாவுக்கு முன் வைத்திருந்தவர். கன்னாவின் பலமும் பலவீனமும் எண் எண்ணாகத் தெரிந்த அந்த மனிதர்தான் ஏறக்குறைய முழு ஓட்டமும் முன்னிலையில். கன்னா பதறவில்லை. கடைசிச் சுற்றில் எட்டிப் பிடித்து 0.054 வினாடியில் வென்றார்.

சைக்கிள் பந்தயம் என்றால் மலைதான் என்பவர்களுக்கும் ஒரு சொல். 2025 மிலான்-சான்ரேமோ சாலைப் பந்தயத்தில் போகாச்சாரும் வான் டெர் பூலும் ஏற்றங்களில் பிய்த்துக்கொண்டு போனபோது, விடுபட்டு, மீண்டும் ஒட்டி, போஜ்ஜியோ ஏற்றத்தில் மறுபடி விடுபட்டு, மறுபடி ஒட்டி இரண்டாவதாக வந்தவர் யார்? மரத் தளத்தில் கற்ற துரத்தலைத்தான் தார்ச்சாலையில் கன்னா ஓட்டிக் காட்டினார்.

இந்தக் கலைக்கு இன்று இருக்கும் மரியாதையை நினைத்தால் மனம் கசக்கிறது. தனிநபர் பர்சூட்டை 2008 பெய்ஜிங்கோடு ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதில் ஆறு முறை உலக சாம்பியனான கன்னாவுக்கு, தன் சொந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கில் ஒரு முறைகூட ஓட்டும் வாய்ப்பு கிடைக்கவில்லை. ஒளிபரப்பிலும் சேதம்தான். ஒரு முழுச் சுற்றைத் தொடர்ந்து காட்டும் பொறுமை கேமராவுக்கு இல்லை. பயிற்சியாளர் முகம், கூட்டத்தின் கொடி, வேகத்தைக் காட்டும் எண் என்று தாவுகிறது. பர்சூட் என்பது மாறாத ஒன்றை உற்றுப் பார்க்கும் கலை. துண்டு துண்டாக வெட்டினால் அதில் பார்க்க என்ன மிஞ்சும்?

இஸு இறுதியை இன்னொரு முறை பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி நான்கு சுற்றில் கன்னாவைப் பார்க்காதீர்கள். அவருடைய பின்சக்கரத்துக்கும் அடுத்தவரின் முன்சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அத்தனை வேகம் ஏறியும் அது விரியவில்லை. தங்கத்தை வென்றது அந்த இடைவெளிதான்.