பிரகடனமும் உளூத் தண்ணீரும்

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இஸ்தான்புல் நகரில் கூடிய முஸ்லிம் அறிஞர்களும் செயற்பாட்டாளர்களும், பருவநிலை மாற்றம் குறித்து ஓர் இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டனர். இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் இங்கிலாந்தில் நிறுவிய சூழலியல் அமைப்பு அதன் ஆக்கத்தில் முன்னின்றது. அவ்வாண்டு இறுதியில் பாரிஸில் நடந்த உலக மாநாட்டுக்கு முன்னதாக, முஸ்லிம்களின் குரலாக அது பேசப்பட்டது. 2024இல் நைரோபியில் வெளியான 'அல்மீஸான்' என்னும் விரிவான ஆவணத்துக்கு அதனை முன்னோடி எனலாம். ஃபிக்ஹு கற்பிக்கும் ஒருவன் அப்பிரகடனத்தை வாசிக்கையில் எழும் நிறைவும் குறையும் இக்கட்டுரையின் பொருள்.

முகவுரை, நாம் உறுதியாக ஏற்பவை, நாம் விடுக்கும் அழைப்பு என அது மூன்று பகுதிகளை உடையது. இரண்டாம் பகுதியில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து சில செய்திகள் அடுக்கப்படுகின்றன. கூட்டிலிருந்து எடுத்த குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமே சேர்க்கச் சொன்னது, எறும்புப் புற்றில் இட்ட தீயை அணைக்கச் சொன்னது, உளூவிலும் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்பித்தது, 'ஹிமா' எனும் காப்பு நிலங்களை ஏற்படுத்தியது, இறைச்சியை எப்போதாவது மட்டுமே உண்டது எனச் செல்லும் அப்பட்டியலே பிரகடனத்தின் உயிர்நிலை. கிலாஃபத், அமானத் போன்ற பெருஞ்சொற்களைக் காட்டிலும் இச்சிறு செய்திகளில்தான் வாழ்வு தென்படுகிறது.

ஆனால் மூன்றாம் பகுதிக்குச் சென்றதும் நடை மாறிவிடுகிறது. எண்ணெய் வளம் மிக்க நாடுகளும் செல்வந்த நாடுகளும் இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தம் பசுங்குடில் வாயுக்களை நிறுத்த வேண்டும். உலகம் முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற வேண்டும். வணிக உலகம் தன் சுவடுகளைக் குறைக்க வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகளே. பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் வக்ஃபுகளும் மத்ரஸாக்களும் நபிகளாரைப் பின்பற்றித் தத்தம் எல்லைக்குள் பழக்கங்களைத் திருத்த வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. எந்தப் பழக்கத்தை? எறும்பும் குஞ்சும் உளூத் தண்ணீரும் அங்கே திரும்பி வரவில்லை.

இவ்விடைவெளியைச் சிறிதென்று கருத இயலவில்லை. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியதாக வரும் இப்னுமாஜாவின் அறிவிப்பைச் சுற்றுச்சூழல் மேடைகளில் பலரும் எடுத்தாள்கின்றனர். அதன் அறிவிப்பாளர் தொடர் குறைகூறப்பட்டது என்பதைச் சொல்வோர் குறைவு. அதை விடுத்தாலும் நமக்கு இழப்பில்லை. அண்ணலார் ஒரு 'முத்' தண்ணீரில் உளூவும், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து 'முத்' வரையிலான தண்ணீரில் குளிப்பும் நிறைவேற்றினார்கள் என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவே 'முத்'. ஒருமுறை என் மாணவர் ஒருவரின் உளூத் தண்ணீரைக் குழாயடியில் வாளி வைத்துப் பிடித்தோம். அரை வாளி நிறைந்துவிட்டது. அவரும் 'முத்' ஹதீஸை மனனம் செய்தவர்தாம்! பழைய பள்ளிவாசல்களின் ஹவுளில் கையால் அள்ளிச் செய்த காலத்தில் இந்த விரயத்துக்கு வழியில்லை. குழாய் வந்தபோது அதற்குரிய அதபை நாம் கற்பிக்கத் தவறினோம்.

தென்காசியில் வாழ்வோருக்குத் தண்ணீர் ஏட்டுப் பொருளன்று. சாரல் பருவத்தில் குற்றாலத்து அருவிகள் விழுகின்றன. அந்நீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் தடை விதித்தது. குளிக்க வருவோரில் நம்மவரும் ஏராளம். தூய பொருளே கலந்தாலும், தண்ணீர் என்ற பெயரை இழக்கும் அளவுக்கு மாறிய நீரால் உளூக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அருவி நீர் அந்த அளவுக்கு மாறுவது அரிதே. ஆயினும், எனக்குக் கீழே இருப்பவருக்கு நான் எத்தகைய நீரை அனுப்புகிறேன் என்னும் கேள்வி அப்பாடத்துக்குள் இருக்கிறது. ஸுபைர் (ரலி) அவர்களின் வாய்க்கால் வழக்கில் மேலிருப்பவருக்கு முதலுரிமை தந்த நபியவர்கள், பின்னர் அண்டை வீட்டாருக்கு நீரை விடுமாறும் பணித்தார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் மலைவளம் பாடுகிறவள் அம்மலையில் வாழ்கிறவள்; பருவத்துக்கு வந்து போகும் நாமோ விருந்தினர்.

பனிமலைகள் உருகும் காலத்தில் உளூத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் கேட்கலாம். ஒரு 'முத்' நீரால் எண்ணெய்க் கிணறுகள் மூடப்படமாட்டா என்பது உண்மையே. ஆனால் வல்லரசுகளிடம் விடுத்த அழைப்புக்கு ஒரு மஹல்லாவால் விடை சொல்ல இயலாது. குழாயை எப்படித் திறப்பது, பள்ளிவாசல் கழிவுநீரை எங்கே விடுவது, வக்ஃபு நிலத்தின் மரத்தை வெட்டலாமா என்பவற்றுக்கு அதனால் விடை சொல்ல இயலும். பிரகடனத்தின் இரண்டாம் பகுதியை மூன்றாம் பகுதியாக மாற்றி எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அதனைச் செய்ய வேண்டியவர்கள் இஸ்தான்புல்லில் இல்லை. கிதாபுத் தஹாராவை முதலாமாண்டில் நடத்தி முடித்து, பின்பு அதைத் திரும்பிப் பாராத என் போன்ற ஆசிரியர்களே.