வண்ணக் கண்ணாடியும் வகுத்த தரையும்

புதுவைத் தொடர்வண்டி நிலையத்தின் அருகே, செம்மையும் வெண்மையும் கலந்து விண்ணோக்கி நிற்கிறது திரு இருதய ஆலயம். 1907ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் வாழும் கத்தோலிக்கர்க்கும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டமே தலைமை. அவ்வட்டாரத்தினின்று புதுவை வருவோர் இங்கும் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, "ஆகா!" என்றுரைத்துத் திரும்புகின்றனர். நாமும் அண்ணாந்து பார்த்தோம்.

அழகுதான்! மறுப்பானேன்? கூர்வளைவுகள், 24 தூண்கள், 28 புனிதர்களைத் தாங்கிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். கதிரொளி அவற்றில் பாய்ந்தால் நீலமும் சிவப்பும் உள்ளே சிந்துகின்றன. பக்தன் இதனை அருள் என்பான். நாம் கணக்கு என்போம். அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். தாங்க வேண்டுமாயின் சுவர் தடித்தாக வேண்டும். தடித்த சுவரில் பெருஞ்சாளரம் ஏது? கூர்வளைவோ பாரத்தைப் பெரிதும் கீழ்நோக்கித் தூணுக்கு அனுப்புகிறது. எஞ்சிய தள்ளலை வெளிப்புறத்து முட்டுச்சுவர்கள் ஏற்கின்றன. சுமையினின்று சுவர் விடுதலை பெற்றது. அவ்விடத்தில் கண்ணாடி குடியேறிற்று. பாரிசுக்கு அருகே செயின்ட் டெனி ஆலயத்தில் 1144லேயே இக்கணக்கு வடிவம் பெற்றுவிட்டது. விண்ணிலிருந்து எவரும் இறங்கிச் சொல்லித் தரவில்லை, கொத்தன் கண்டது!

இக்கலைக்குக் 'கோத்திக்' எனும் பெயர் தந்தோர் யார்? இதனை இகழ்ந்த இத்தாலியர்! ரோமை வீழ்த்திய கோத்தியக் காட்டுமிராண்டிகளின் வேலை என்பது அவர்கள் கருத்து. கோத்தியர்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உழைத்தவன் தலையில் வசைப்பெயரைச் சூட்டும் திருவிளையாடல் இந்நாட்டில் மட்டும் நடந்ததன்று போலும்!

ஆனால், கலைத் திறனாய்வு எழுதுவோரிடம் நமக்கொரு வழக்குண்டு. கூரையை அளக்கிறார்கள், சாளரத்தைப் புகழ்கிறார்கள், தரையில் யார் எங்கே நின்றார் என்று மட்டும் கேட்பதில்லை. தரைப்படமும் கட்டடக் கலையின் உறுப்பல்லவா?

இதே புதுவையில், பழைய சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலோ கொடுமை இன்னும் நுட்பமானது! 1872இல் எழுந்த ஆலயத்திற்கு இரண்டு நடைக்கூடங்கள், நடுவே சுவர், இரண்டும் கூடும் முனையில் ஒரே பலிபீடம். ஒருவரையொருவர் காணாமலே ஒரே கடவுளைக் காணலாம்! கட்டடக் கலைஞன் தன் அறிவு முழுவதையும் சாதிக்குக் காணிக்கையாக்கிய காட்சி அது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது வெள்ளாளக் கிறித்தவர் வழக்கு மன்றம் ஏறினர், தோற்றனர்.

பழங்கதை என்பீரோ? உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். செபமாலை அன்னை ஆலயத்தில் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்க்குத் தனி இடம்; இறந்தால் தனிக் கல்லறை. தாம் எழுப்பிய சிற்றாலயத்தைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டு அவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். 2008 மார்ச் 9 அன்று அவர்தம் வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை சுட்டது, இரண்டு உயிர்கள் போயின. 'அன்பே கடவுள்' என்போரின் ஊரில்!

இதைக் கண்டு நீறு பூசிய நெற்றியர் நகைக்க வேண்டா. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வழி திறக்கும் சட்டம் 1970இல் வந்தது. பயிற்சி பெற்றோர் பலர்க்குப் பணி ஆணை கிடைக்க 2021 ஆயிற்று.

கள்ளக்குறிச்சித் தோழர்கள் புதுவை செல்லட்டும், சாளரங்களைக் கண்குளிரக் காணட்டும், தூண்களை எண்ணட்டும். திரும்பும் வழியில் எறையூரில் இறங்கி, அங்குள்ள கல்லறைத் தோட்டங்களையும் எண்ணி வரட்டும்.